நீங்கள் நீங்கள் இல்லை

தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் கௌதமன் குற்றவாளி ஆனான்.

திருத்தணி மலை மேல், முடி காணிக்கை மண்டபத்துக்கு வெளியே, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கையால் செருப்பைத் தேடிக்கொண்டே மறு கையால் செல்போனைத் திறந்தான். 'வெள்ளாமை' விளையாட்டின் பச்சை வயல் வரவேண்டிய இடத்தில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது.

'நீங்கள் நீங்கள் இல்லை.'

முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினான். சிரித்துக் காட்டினான். கண்ணை அகல விரித்துக் காட்டினான்.

'நிச்சயமாக நீங்கள் இல்லை. கணக்கு பூட்டப்பட்டது.'

போனது வெறும் விளையாட்டாக இருந்தால் அவன் இந்நேரம் பொங்கல் பிரசாத வரிசையில் நின்றிருப்பான். போகவிருந்தது பெண்டாட்டி.

கௌதமனுக்கு அம்மையார்குப்பத்தில் விசைத்தறி. மனைவி பானுப்ரியா சொந்த அத்தை மகள், ஆந்திர எல்லையில் நகரிக்காரி, புருஷனை 'பாவா' என்று கூப்பிடுகிறவள். ஆடி பிறந்ததிலிருந்து நகரியிலேயே இருக்கிறாள். காரணம், அவள் தம்பி ராஜேஷின் நிச்சயதார்த்தத்தில் கௌதமன் அடித்த ஒரு ஜோக். "மாப்பிள்ளைக்கு விடிஞ்சதும் காப்பியா, டீயா?" என்று பெண் வீட்டார் ஆசையாகக் கேட்டார்கள். "அவன் விடியறதப் பாத்தே வருஷமாச்சுங்க" என்றான் கௌதமன். பெண் வீட்டார் சிரிக்கவில்லை. நிச்சயம் தள்ளிப்போனது. பானு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனால் ராஜேஷ் நாயை அவிழ்த்துவிட்டான். அதற்காக மட்டும் விடியற்காலையில் எழுந்திருந்தான்.

மிச்சமிருந்த ஒரே வழி 'வெள்ளாமை'. மாயக்கோட்டை கேம்ஸ் என்ற சென்னைக் கம்பெனியின் செல்போன் விளையாட்டு. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த கூட்டுப் பண்ணை அதில் இருந்தது. கோபித்துக்கொண்டு போனவள் புருஷனை விட்டாளே தவிர கத்திரிச் செடியை விடவில்லை. தினமும் வந்து தண்ணீர் ஊற்றினாள். வரப்பில் சின்னப் பலகை நட்டு நாலு வார்த்தை எழுதலாம் என்று அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு.

'கத்திரிக்குத் தண்ணி ஊத்து' என்று எழுதினாள் பானு.

'ஊத்தியாச்சு' என்று பக்கத்தில் நட்டான் கௌதமன்.

'மாடு மெலிஞ்சிருக்கு.'

'நானுந்தான்.'

அதற்குப் பதில் இல்லை. கௌதமன் சாப்பாடு இறங்காமல், தறி ஓடும்போது அறுந்த இழையைக்கூடக் கவனிக்காமல் திரிந்தான். 'வா என்று ஒரு வார்த்தை அந்தப் பலகையில் வந்தால் உனக்கு மொட்டை போடுகிறேன்' என்று தணிகைமலை முருகனிடம் வேண்டிக்கொண்டான்.

நேற்று வந்தது. 'வெள்ளி அறுவடை. வந்துடு.'

'வரேன்' என்று நட்டுவிட்டு, விடிந்ததும் முதல் பஸ் பிடித்து வந்து, பிற்பகல் வரை வரிசையில் உட்கார்ந்து, மீசையோடு சேர்த்து மழித்துக்கொண்டான். சாமிக்குக் கடன் வைக்கக்கூடாது என்பது அவன் கொள்கை.

கூட்டுப் பண்ணையில் ஒரு சட்டம் இருந்தது. அறுவடை நாளில் இரண்டு பேரும் உள்ளே வந்து சேர்ந்தேதான் அறுக்கவேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒருத்தர் வராவிட்டால் பயிர் அழுகும். நிலம் தரிசாகும். பலகைகள் போய்விடும். பானு கடைசியாக நட்ட பலகை வேறு அவன் கண்முன் ஆடியது. 'வரலன்னா அவ்ளோதான்.'

கௌதமன் குறை தீர்க்கும் பொத்தானை அழுத்தினான். 'குறையைத் தெரிவிக்க முகத்தைக் காட்டி உள்ளே நுழையவும்' என்றது. காட்டினான். 'நீங்கள் நீங்கள் இல்லை' என்றது. கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி ஓடியது.

'நேரில் தெரிவிக்க: இன்று மாலை திருத்தணியில் ரசிகர் சந்திப்பு. டிஜிட்டல் விநியோகமும் நகல் தடுப்பும்: மனம் திறந்த உரையாடல்.'

முருகன் கைவிடவில்லை என்று நினைத்தபடி கௌதமன் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

*

மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாழைமரம் கட்ட வேண்டிய இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு தட்டி நின்றது. அதில் ஒரு மனிதனின் முகம். மொட்டைத் தலை, சந்தனம், மீசை இல்லை, லேசான சிரிப்பு.

'இவரைக் கண்டீர்களா? ஆயிரக்கணக்கான கணக்குகளில் நுழைந்த நகல் திருடர். இவரால் ஒவ்வொரு ரசிகருக்கும் ஆபத்து.'

வாசலில் காவலுக்கு நின்ற சுப்பிரமணி கௌதமனைப் பார்த்தார். தட்டியைப் பார்த்தார். மறுபடி கௌதமனைப் பார்த்தார். பிறகு சலிப்போடு தொப்பியைக் கழற்றினார். அவரும் மொட்டை.

"ஆடிக் கிருத்திகைக்கு அடிச்சது தம்பி, இன்னும் மொளச்சிகினே கீது" என்றார். "காலைலேர்ந்து அம்பது பேர புடிச்சி குடுத்துட்டேன். ரெண்டு தபா என்னையே புடிச்சி குடுத்தேன். இந்தத் தட்டியக் காட்டி, 'ஒருத்தனையும் வுடாத'ன்றாங்க. இந்த ஊர்ல வந்து மொட்டையத் தேடறாங்களே, இவங்கள இன்னான்னு சொல்றது?"

"என்னை உள்ள வுடுங்கண்ணா. அவசரம்."

"நீ அவனா?"

"நானே நான் இல்லைன்னுதான் கம்பெனி சொல்லுது."

சுப்பிரமணி யோசித்தார். "அப்பிடின்னா நீ அவனும் இல்ல. போ."

விஷயம் இதுதான். மாயக்கோட்டை கேம்ஸ் போன மாதம் 'முகப்பூட்டு' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. விளையாட்டை வாங்கியவர் அரைமணிக்கு ஒரு தரம் செல்போனுக்கு முகத்தைக் காட்டவேண்டும். அதே வாரத்தில் ஆடிக் கிருத்திகை வந்தது. சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் திரையைப் பார்த்து விக்கித்துப் போனார்கள். திருத்தணியிலிருந்து ஒரே மொட்டை மனிதன் ஊரில் உள்ள அத்தனை கணக்குகளிலும் நுழையப் பார்க்கிறான்! காவடி தூக்கிக்கொண்டுகூட நுழைகிறான்! அத்தனை முகங்களையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பிசைந்து, எவர் சாயலும் இல்லாத, எல்லார் சாயலும் உள்ள ஒரு முகத்தைத் தயாரித்துத் தட்டி அடித்தார்கள். நிர்வாக இயக்குநர் கஜபதியே நேரில் கிளம்பி வந்துவிட்டார்.

கஜபதி அன்று காலை மலைக்கும் போய் வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காரில் மேலே போய், தனி வழியில் நுழைந்து, தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு இறங்கினார். இந்த ஊரில் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

*

கௌதமன் உள்ளே நுழைந்தபோது கஜபதி மைக்கைப் பிடித்திருந்தார். பரிவட்டத்தை அவிழ்க்கவில்லை. நெற்றி முழுக்க விபூதி, நடுவில் சந்தனம். பின்னால் பெரிய திரையில் 'வெள்ளாமை' ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் இயக்கிக்கொண்டிருந்த தொழில்நுட்ப அதிகாரி எழிலன் யாருடைய கண்ணையும் பார்க்காமல் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்பு ரசிகர்களே! அந்தக் காலத்தில் நாம் விளையாட்டை டிவிடியில் விற்றோம். வாங்கியவர் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுதான் நாம் செய்த முதல் தவறு" என்றார் கஜபதி. "டிஜிட்டல் விநியோகத்தில் அந்த ஆபத்து இல்லை. பொருள் எங்களிடமே பத்திரமாக இருக்கும். உங்களிடம் ஆசை இருந்தால் போதும்."

முன் வரிசையில் கம்பெனி ஆட்கள் கைதட்டினார்கள்.

"சிலர் கேட்கிறார்கள், எங்களை நம்பவில்லையா என்று. நம்புகிறோம்! முழு மனதோடு நம்புகிறோம். அந்த நம்பிக்கையை அரைமணிக்கு ஒரு தரம் சோதித்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். வீட்டில் மனைவியை நாம் நம்புவதில்லையா?"

யாரும் கைதட்டவில்லை. கௌதமன் ஜன்னலைப் பார்த்தான். மலையின் நிழல் மண்டபத்து மதில் வரை வந்துவிட்டிருந்தது.

நடுவில் ஒரு பெண் எழுந்தாள். படிக்கட்டு ஓரத்தில் பூக்கடை வைத்திருக்கும் பூவம்மாள். கூட்டம் இல்லாத வேளையில் பூ தொடுத்துக்கொண்டே விளையாடுகிறவள். கூந்தலில் அரை முழம் கதம்பம் இருந்தது.

"ஐயா, நா மொதல் பாகத்த டிவிடில வாங்கனேன். இன்னிக்கும் ஓடுது. ஒரு நா அது என் மூஞ்சியப் பாத்து யார் நீன்னு கேக்கல. இந்த ரெண்டாம் பாகம், பூ வெச்சா ஒரு மாதிரி கேக்குது, பூ வெக்கலன்னா ஒரு மாதிரி கேக்குது. நா இன்னா பூக்கடைய மூடிடட்டா?"

"நல்ல கேள்வி அம்மா. பூவின் அளவை மாற்றாமல் இருப்பது பயனாளரின் பொறுப்பு."

"சரி, உங்க பொட்டில மட்டும் எப்டி நிக்காம ஓடுது? நா வந்து ஒக்காந்ததுலேர்ந்து அது யார் மூஞ்சியயும் கேக்கலியே?"

கஜபதி எழிலனைத் திரும்பிப் பார்த்தார். எழிலன் ஷூவின் நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.

"அது விளம்பரத்துக்கான சிறப்புப் பதிப்பு" என்றார் கஜபதி. "அடுத்த கேள்வி!"

"திருட்டுக் காப்பி வெச்சிருக்கறவனுக்கு இந்தப் பூட்டு உண்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கஜபதி பெருமூச்சு விட்டார். "வேதனையான விஷயம் அது. திருடனிடம் இருப்பது பூட்டு இல்லாத காப்பி. அவனை எங்களால் நெருங்கவே முடியவில்லை. ஆனால் கோடி கொட்டிப் பூட்டைச் செய்துவிட்டோமே, அதை யார் மேலாவது போடவேண்டாமா? காசு கொடுத்து வாங்கியவர்தான் கைக்கு எட்டுகிறார்."

அதற்கு மேல் கௌதமனால் பொறுக்க முடியவில்லை. நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினான்.

"சார், என் கணக்கு பூட்டிக்கிச்சு. பொழுது சாயறதுக்குள்ள தொறந்து வுடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

கஜபதி அவனைப் பார்த்தார். கண்கள் விரிந்தன. மைக் கையிலிருந்து நழுவியது.

"அவன்தான்! பிடியுங்கள்!"

கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் கௌதமனைப் பிடித்தார்கள். உடனே மூன்றாவது வரிசையிலிருந்து இன்னொரு மொட்டை எழுந்து, "அப்ப நானு?" என்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. துண்டை எடுத்தவர்கள், தொப்பியைக் கழற்றியவர்கள் என்று மண்டபத்தில் பாதித் தலைகள் பளபளத்தன. கஜபதி மேடையில் இரண்டடி பின்வாங்கினார். ஒரு கும்பலே உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும்.

"வேண்டுதல் சார்" என்றான் கௌதமன். "மொட்டை. சாமிக்கு."

எழிலன் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னான். கஜபதி சைகை காட்டி அவனை விடச் சொன்னார். பேசியபோது குரலில் ஒரு அடிபட்ட தொனி இருந்தது.

"கடவுளுக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கொடுப்பதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடி உங்களுடையது. அந்த முடியோடு கூடிய முகத்தின் பதிவு எங்களுடையது. எங்கள் சொத்தை நீங்கள் மலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்."

"இப்ப இன்னா சார் பண்றது?"

"முடியைக் கொண்டுவாருங்கள். ஒப்பிட்டுப் பார்த்துத் திறக்கிறோம்."

"அது மூட்டை மூட்டையா கலந்து கெடக்குது சார்! அதுல என்னுது எது, ஆந்திராக்காரனுது எதுன்னு முருகனுக்கே தெரியாது."

"அப்படியானால் வளரும் வரை காத்திருங்கள். மூன்று மாதம் போதும். விளம்பரத்தில் பார்க்கும் எண்ணெய் எதையும் தடவாதீர்கள், முகம் மாறிவிடும்."

"சார், இன்னிக்கி அறுவடை! என் பொண்டாட்டி—"

"ஒரு நிமிஷம்" என்றான் எழிலன். அவன் கம்பெனிப் பதிவேட்டிலிருந்து கௌதமனின் கணக்கைப் பெரிய திரையில் எடுத்துக் காட்டியிருந்தான். பச்சை வயல், மெலிந்த மாடு, வரப்பில் பலகைகள். 'நானுந்தான்' என்ற பலகையைப் படித்துவிட்டு மண்டபத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். கௌதமனுக்குக் காது மடல் சிவந்தது.

"சார், இவர் மனைவி கணக்கும் பூட்டியிருக்கிறது. இன்றைக்குக் காலையில்தான்" என்றான் எழிலன். "இதே முகம் அதிலும் நுழையப் பார்த்திருக்கிறது. மொட்டை, சந்தனம். நூற்றுக்கு நூறு இதே ஆள் என்கிறது."

மண்டபமே கௌதமன் பக்கம் திரும்பியது.

கௌதமன் நுழையவில்லை. அவனிடம் பானுவின் செல்போன் இல்லை. அப்படியென்றால் நகரியில் பானுவின் செல்போனைக் கையில் வைத்திருந்த மொட்டைத் தலையன் யார்? ராஜேஷா? அவன் வேண்டுதலுக்காக எழுந்திருக்கிறவன் இல்லையே. பின்னே யார்?

"படத்தைக் காட்டுங்க!" என்று கத்தினான். "யார் அவன்?"

"காட்டலாம்" என்றார் கஜபதி. "அது உங்கள் முகமாக இருந்தால் காட்டலாம். உங்கள் முகம் இல்லை என்றால் தனிமனித உரிமை. காட்டக்கூடாது. உங்கள் முகம்தானா?"

"பாத்தாத்தான சார் தெரியும்!"

"ஒப்புக்கொண்டால்தானே பார்க்கமுடியும்?"

"சரி, என் முகந்தான். காட்டுங்க."

"குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் கஜபதி. "மனைவி கணக்கையே திருடியதை ஒப்புக்கொண்டார்."

கௌதமன் எழிலனின் கம்ப்யூட்டர் மேல் பாயவிருந்தான். அந்த வினாடியில் வாசலில் சுப்பிரமணியின் குரல் கேட்டது. "யம்மா, நில்லும்மா! நீ அவனா, இல்லியான்னாச்சும் சொல்லிட்டுப் போம்மா!"

"ஏய், என் கணக்கப் பூட்டினது எவன்டா?"

அந்தக் குரலை இரண்டு தறி ஒன்றாக ஓடும் சத்தத்திலும் கௌதமனுக்குத் தெரியும்.

பானுப்ரியா நடு வழியில் வந்து நின்றாள். தலையில் அவள் அப்பாவின் பச்சைத் துண்டு. வந்த வேகத்தில் அது தோளுக்குச் சரிந்தது.

இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் இல்லை. மொட்டை. சந்தனம்.

கஜபதி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கௌதமனைப் பார்த்தார். "ஒரே ஆள்" என்று முணுமுணுத்தார்.

கௌதமன் மேடை விளிம்புக்கு வந்தான். "பானு... முடி எங்கடி?"

"உன்னுது எங்க கீதோ அங்கதான்." அவள் அவன் தலையைப் பார்த்தாள். ஒரு கணம் முகம் இளகியது. உடனே இறுகியது. "நீ பலகைல 'வரேன்'னு எழுதினா முடி தரேன்னு வேண்டிக்கினேன். எழுதின. காலைல நைனாவ இட்டுகினு வந்து குடுத்துட்டேன். இங்க பாத்தா நான் நான் இல்லியாம். சரி, எங்க பாவா உள்ள வந்து காத்துகினு இருப்பானே, இவ வரலியேன்னு நெனப்பானேன்னு ஓடி வரேன். நீ இன்னாடான்னா மேடைல நின்னுகினு இருக்க!"

பெண்கள் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தபோது ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் அவன் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேர் முடியும் இந்நேரம் ஒரே மூட்டையில் இருக்கும்.

"சார்!" கௌதமன் கஜபதி பக்கம் திரும்பினான். "இவதான் என் பொண்டாட்டி. பாத்துட்டீங்கல்ல? ரெண்டு கணக்கையும் தொறந்து வுடுங்க."

"மன்னிக்கவேண்டும்" என்றார் கஜபதி. "எங்கள் அமைப்பின்படி நீங்கள் இருவரும் ஒருவர். ஒரே நபர் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு தன்னோடு தானே கூட்டு விவசாயம் செய்வது மோசடி. இருவர் என்று நிரூபியுங்கள்."

"ஆதார் கீது—"

"அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எங்களுக்கு முகம்தான் சாட்சி. அது ஒன்றுதான் இருக்கிறது."

"நாங்க புருஷன் பொண்டாட்டி சார்!"

"புருஷனும் பொண்டாட்டியும் ஒன்றுதான் என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள்."

பானு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நானும் இந்த ஆளும் ஒண்ணா? எங்க தம்பி நிச்சயத்துல நாலு பேர் முன்னாடி வாய் வுட்டு, வந்த சம்மந்தத்தக் கெடுத்தாரே, நானும் இவரும் ஒண்ணா?"

"கெடுத்தனா? கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"காப்பியா டீயான்னுதான கேட்டாங்க? காப்பின்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"நாய அவுத்து வுட்டானே, அப்ப மட்டும் எப்டி விடியகாலைல எழுந்தான்?"

"அதச் சொல்லித்தான் பொண்ணு வீட்ல மறுபடி ஒத்துக்க வெச்சோம்! 'நாலு மணிக்கே எழுந்து நாய மேய்க்கறான், பொறுப்பான புள்ள'ன்னு!"

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. கௌதமனும் சிரித்துவிட்டான். அது தப்பு.

"சிரிக்காத! மொளகா வெச்ச எடத்துல கேக்காம சாமந்தி வெச்சவன்தான நீ?"

"உனக்குப் புடிக்குமேன்னு வெச்சேன்டி!"

"கேட்டியா?"

"நீ போன எடுத்தியா?"

பூவம்மாள் நாற்காலி மேல் ஏறி நின்றாள். "ஐயா, இதுக்கு மேலயும் சாட்சி வேணுமா? ஒரே ஆளுன்னா இந்நேரம் ஒருத்தராவது வுட்டுக் குடுத்திருக்கமாட்டாங்க? தொறங்கய்யா பூட்ட!"

"தொற! தொற!" என்று மொட்டைகளும் மொட்டை இல்லாதவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஜன்னலில் வெளிச்சம் செம்மை தட்டிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த வயலிலும் அதே செம்மை.

கஜபதி கூட்டத்தை அளந்தார். வெளியே போகும் வழி கூட்டத்தின் நடுவில் இருந்தது.

"சரி. கருணை அடிப்படையில் திறக்கிறோம். எழிலன், திற."

"எனக்கு அதிகாரம் இல்லை சார். மேல்முறையீட்டுப் பூட்டைத் திறக்க உங்கள் முகம் மட்டும்தான் செல்லும். நீங்கள்தான் அப்படி வைக்கச் சொன்னீர்கள்."

கஜபதி பெருமிதத்தோடு கேமராவுக்கு முகத்தைக் காட்டினார்.

'நீங்கள் நீங்கள் இல்லை.'

"சார், பரிவட்டம்..." என்றான் எழிலன். "நெற்றியை மறைக்கிறது."

"கோயில் மரியாதை அது. நடுவில் அவிழ்க்கலாமா?"

"அவுரு சார்!" என்று கௌதமனும் பானுவும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்று மாலை அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அவிழ்த்தார். துணி அழுத்திய இடத்தில் நெற்றி முழுக்கத் தடம். வியர்வையில் விபூதி கரைந்து கண்ணுக்குள் வழிந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு காட்டினார்.

'நிச்சயமாக நீங்கள் இல்லை.'

"தொடைங்க சார்! நல்லாத் தொடைங்க!" பானு தன் அப்பாவின் துண்டை மேடைக்கு வீசினாள். கஜபதி அழுத்தித் துடைத்தார். சந்தனம் விபூதியோடு குழைந்து முகம் மொத்தமும் பரவியது. மூன்றாவது தடவையாகக் காட்டினார்.

'இவர் தேடப்படும் நபரை ஒத்திருக்கிறார். கணக்கு பூட்டப்பட்டது. மேல்முறையீடு நிர்வாக இயக்குநருக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

"நிர்வாக இயக்குநர் நான்தானே?" என்றார் கஜபதி. "நானே எனக்குத் திறந்துவிட முடியாதா?"

"முடியும் சார். முகத்தைக் காட்டி உள்ளே போனால்."

திரையில் சூரியன் சாய்ந்தது. கத்திரிச் செடிகள் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வந்தன. சாமந்தி உதிர்ந்தது. மெலிந்த மாடு மறைந்தது. கடைசியில் பலகைகள். ஒவ்வொன்றாக, நட்ட வரிசையிலேயே போயின. 'நானுந்தான்' போனபோது பானு உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'வரேன்' போனது. 'தரிசு நிலம்' என்று நடுத் திரையில் எழுத்து வந்தது.

கௌதமன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினான்.

எழிலன் பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணா, மன்னித்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ரீசார்ஜ் கடை இருக்கிறது. பூட்டு இல்லாத காப்பி கிடைக்கும். இங்கே காலையில் எங்கள் ஒரிஜினல் ஓடவே இல்லை. முதலில் திரையில் ஓடியதை நானே அங்கேதான் வாங்கினேன்."

"அதுல எங்க பண்ணை வருமா?"

"புதிதாக ஆரம்பிக்கலாம். ஆனால் அதில் கூட்டுப் பண்ணை கிடையாது. தனித்தனியாகத்தான் வெள்ளாமை செய்யவேண்டும்."

கௌதமன் பானுவைப் பார்த்தான். பானு துண்டில்லாத தலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"வேணாங்க" என்றாள் எழிலனிடம். பிறகு கௌதமனிடம் திரும்பினாள். "இனிமே பலகையும் இல்ல. எதுன்னாலும் வாயாலதான் சொல்லணும்."

"சொல்லு."

"நீ சொல்லு மொதல்ல."

"காப்பின்னு சொல்லியிருக்கணும்."

"ஆங்." அவள் அவன் தலையை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாவே இல்ல பாவா உனக்கு. சட்டி மாதிரி கீது."

"உனக்கு மட்டும்?"

"எனக்கு நல்லாருக்குன்னு நைனா சொல்லிச்சு. கீழ ஓட்டல்ல டிபன் சாப்டுகினு கீது. வா, வந்து அது கிட்டயும் அந்தக் காப்பிய சொல்லு."

வாசலில் சுப்பிரமணி இருவரையும் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் வழி விட்டார். உள்ளே கஜபதி மேடையில் உட்கார்ந்து, தன் மேல்முறையீடு தனக்கு வந்து சேரக் காத்திருந்தார்.

*

மாயக்கோட்டை கேம்ஸ் அடுத்த வாரம் வெளியிட்ட அறிக்கையின் கடைசிப் பத்தி இது:

'திருத்தணி ரசிகர் சந்திப்பு பெரும் வெற்றி. டிஜிட்டல் விநியோகத்தையும் முகப்பூட்டையும் ரசிகர்கள் எழுந்து நின்று, உரத்த குரலில் வரவேற்றனர். நீண்ட நாள் தேடப்பட்ட நகல் திருடர் நேரில் வந்து மாட்டிக்கொண்டார். ஒரே சமயத்தில் ஆணாகவும் பெண்ணாகவும் தோன்றிய அவர், தன் மோசடி அம்பலமானதும் நிலைகுலைந்து, கூட்டத்தின் நடுவில் தன்னோடு தானே வெகுநேரம் சண்டை போட்டார். பிறகு தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு மண்டபத்துப் படி இறங்கிப் போய்விட்டார்.'